இரண்டு மிதி

இன்று காலை தோசைக்கு வெந்தயம் அரைத்தேன். மிக்ஸியின் மூடியைத் திறந்ததும் அந்தக் கசப்பு வாசனை முகத்தில் அடித்தது. கையில் மூடியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஊறிய செய்தித்தாளையும் வெந்தயத்தையும் சேர்த்து ஆட்டுரலில் அரைத்து, ஒன்பதாம் வகுப்பில் நாம் இருவரும் செய்த பொம்மை ஆட்டுத் தலையின் வாசனை அது.

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுத எனக்கு முகம் இல்லை. நாளை என்ன செய்வதென்று தெரியாமல்தான் இன்று எழுதுகிறேன். கேட்க வேறு ஆளும் இல்லை.

நாடக வகுப்பு வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் இருக்கும். பொம்மைக்குள் கையை விடச் சொல்லித் தந்த அன்று எங்கள் எல்லோருடைய பொம்மைகளும் வலிப்பு வந்த மாதிரி ஆடின. உன்னுடையது மட்டும் சும்மா நின்றது. ஆள்காட்டி விரல் தலைக்குள், கட்டை விரலும் நடுவிரலும் முன்னங்கால்களுக்குள். மணிக்கட்டு ஒரு நூல் அளவு ஏறி இறங்கியது. ஆடு மூச்சு விட்டது! டீச்சர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கை இவ. குரல் நீ" என்று என்னைக் கை காட்டினார். உனக்குத் திக்கும். எனக்கு வாய் ஓயாது. அதைவிடப் பொருத்தமான ஜோடி அந்த வகுப்பில் இல்லை.

"கை முதல்ல, குரல் பிறகு" என்பதுதான் டீச்சர் சொன்ன ஒரே விதி. பழைய சேலையை மறைப்பாகக் கட்டிய மேசைக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருப்போம். உன் கை மேலே இருக்கும், என் கண் அதன் மேல் இருக்கும். பேசிக்கொள்ள முடியாது என்பதால் காலால் சொல்வது என்று நீதான் கண்டுபிடித்தாய். ஒரு மிதி என்றால் நிறுத்து. இரண்டு மிதி என்றால் எனக்கு இது வேண்டாம், மாற்றிச் சொல்.

ஆண்டு விழாவில் நம் ஆடு கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட ஆடு. மஞ்சத்தண்ணி தெளித்ததும் அது உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால் வெட்டச் சம்மதம் என்று அர்த்தம். மூன்றாம் தெளிப்பில் சிலிர்க்கும் என்றுதான் எழுதியிருந்தோம். பூசாரி வேஷம் போட்ட பிள்ளை மூன்று தடவையும் தெளித்துவிட்டாள். உன் கை அசையவில்லை. ஆடு மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு நின்றது. என் கால்மேல் இரண்டு மிதி. நான் எழுதியதை விட்டுவிட்டு, "எனக்குத்தான் குளிரவே இல்லையே, வே! வேணும்னா உம்ம தலையில ஊத்திப் பாரும்" என்றேன். பந்தலே சிரித்தது. பூசாரிப் பிள்ளை, "ஏட்டி, சிலிர்க்கச் சொல்லுட்டி" என்று பல்லைக் கடித்தாள். நீ மறைப்புக்குக் கீழே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாய்.

அன்று அந்த ஆட்டைக் காப்பாற்றிவிட்டோம்.

காலேஜ் இரண்டாம் வருஷத்தில் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த குடும்பம். உன் அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துப்போய், "நீதான் பக்கத்துல இருந்து பேசணும் மக்கா. இவ வாயைத் திறந்தா காரியம் கெட்டுரும்" என்றாள். ஜமுக்காளத்தில் உன்னை ஒட்டி உட்கார்ந்தேன். எந்தக் கேள்விக்கும் நான் முந்திக்கொண்டேன். தையல் தெரியும், கோலம் போடுவாள், அதிர்ந்து பேச மாட்டாள். கடைசியில் மாப்பிள்ளையின் அத்தை உன்னிடமே கேட்டாள்.

"உனக்குச் சம்மதம்தானட்டி?"

நீ தலையைக் குனிந்திருந்தாய். சேலைக் கொசுவத்துக்கு அடியில் உன் கால் என் காலைத் தேடி வந்தது. இரண்டு மிதி.

"அவளுக்கு ரொம்பச் சம்மதம்" என்றேன் நான்.

கேட்டவர்களிடமெல்லாம் பின்னால் ஒரு கதை சொல்லியிருக்கிறேன், உன் கால் பட்டதை வெட்கம் என்று நினைத்ததாக. உன்னிடமும் ஒரு தடவை சொன்னேன். அது பொய். அந்த மிதி எனக்கு நன்றாகப் புரிந்தது. நிலைப்படியில் நின்ற உன் அம்மாவின் முகத்துக்குப் பயந்தேன். அதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு. அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

உன் வீட்டுக்காரரை, அண்ணாச்சியை, கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உன்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அந்த வீட்டில் உன்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். வயிற்று வலியைக்கூட நீ யாரிடமும் சொல்லவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனபோது டாக்டர், "இவ்வளவு நாள் எப்படிம்மா பொறுத்தீங்க?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். முன்பொரு நாள் உன் வீட்டு முற்றத்தில் எலுமிச்சம்பழம் தரம் பிரித்துக்கொண்டிருக்கும்போது, நிமிராமலே, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி, "அன்னைக்கு ஆட்டுக்குக் குளிரல, இல்லா?" என்றாயே, அதே சிரிப்பு. நான் அப்போதும் பேச்சை மாற்றினேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணாச்சி போன் செய்தார். "கோமுவைப் பாக்க ஞாயித்துக்கிழமை ஆளுவ வாராவம்மா. தாயில்லாத பிள்ள. நீ வந்து பக்கத்துல இருந்து பேசணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது உன் மகள் கோமு அடுக்களையில் கேசரியைக் கிண்ணங்களில் வைத்துக்கொண்டிருந்தாள். உன் விரல்கள் அவளுக்கு. திரும்பாமலே கேட்டாள்.

"சித்தி, ரெண்டு மிதி மிதிச்சா உங்களுக்குப் புரியும்லா?"

அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "உனக்கு யாரு சொன்னா?"

"அம்மைதான். அப்பாவுக்கு முன்னால நானும் அம்மையும் அப்படித்தான் பேசிக்கிடுவோம். சித்தி அதை ஒரு தடவகூடத் தப்பா எடுத்ததில்லன்னு சொல்லுவா."

ஒரு தடவைகூட. அப்படியானால் என் பொய் உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் இருபத்து நான்கு வருஷம் எனக்கு மோர் கலக்கித் தந்தாய், போகும்போது பை நிறைய எலுமிச்சம்பழம் கட்டித் தந்தாய்.

"எம்.எஸ்ஸி. சேரணும் சித்தி. அப்பாட்ட மூணு தடவ சொல்லிட்டேன், காதுலயே போட்டுக்கிடல."

முன்னறையில் அதே மாதிரி ஜமுக்காளம். மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள், "உனக்குச் சம்மதம்தானம்மா?" கோமுவின் பாதம் வந்தது. ஒன்று. இரண்டு. அதில் உன் மிதியின் பாரம் அப்படியே இருந்தது.

"கோமுவுக்குச் சம்மதம் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"பிள்ள வெக்கப்படுது. நீ என்னத்தையோ உளறுத" என்று அண்ணாச்சி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்.

"சித்தி சொன்னது நான் சொன்னதுதான்ப்பா" என்றாள் கோமு. திக்காமல், தலையை நிமிர்த்தி.

வந்தவர்கள் கேசரியைத் தொடாமல் எழுந்தார்கள். அவர்களின் கார் தெருமுனை தாண்டியதும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஆதரவா இருப்பன்னு கூப்பிட்டேன். நல்லா இருந்த. இனிமே இந்த வாசல்ல கால் வைக்காத."

அன்றிலிருந்து கோமுவின் போன் அணைந்து கிடக்கிறது. நேற்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அரை நிமிஷம் பேசினாள். "நாளைக்கழிச்சு வேற ஆளுவ வாராவ சித்தி. இந்தத் தடவ என்னைய யாரும் கேக்கவே போறதில்லையாம். வந்ததும் தட்டு மாத்திருவாவளாம்." கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டம்மா, "எங்களுக்கு எதுக்கும்மா வம்பு" என்கிறாள்.

நான் அன்று அவசரப்பட்டுவிட்டேனா? அவளையே முதலில் பேச விட்டிருக்க வேண்டுமா? பேசினால் மட்டும் கேட்டிருப்பாரா? அன்றிலிருந்து இந்த மூன்று கேள்விகளைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். கேள்வி கேட்டால்தானே காலை மிதிப்பதற்கு. தண்ணீரே தெளிக்காமல் வெட்டுகிறவர்களிடம் சிலிர்க்காமல் நின்று என்ன பயன்? நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? உன் கை என்ன செய்யும் என்று பார்த்துப் பார்த்தே பேசிப் பழகியவள் நான். மேசைக்கு மேலே இப்போது ஒன்றும் இல்லை.

நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். அண்ணாச்சி உள்ளே விடாவிட்டால் தெருவில் நின்று, வருகிறவர்கள் காரை விட்டு இறங்கும்போதே, கோமுவுக்குச் சம்மதம் இல்லை என்று சொல்வேன். பைத்தியம் என்று சொல்லட்டும். தெருவில் நின்றால் கோமுவின் கால் எனக்கு எட்டாது. ஆனால் அவள் மிதித்த இடம் என் பாதத்தில் இன்னும் அழுந்திக்கிடக்கிறது. அதற்கு அடியில், அதே இடத்தில், உன்னுடையதும்.