விரல் பதியாத பழம்

அன்புள்ள அம்மாவுக்கு, செம்பூரிலிருந்து ஜெஸி எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம். ஃபோனில் சொன்னால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பழக் கிடங்குக்குப் புது ரக ஸ்ட்ராபெர்ரி வருகிறது. உள்ளே நடுவரை சிவப்பு, வாசனை குறைவு, ஆனால் நல்ல கெட்டி. அழுத்தினாலும் விரல் பதியாது. குளிரறையில் நான் தனியாகப் பெட்டிகளைச் சரிபார்க்கிறேன்.

திங்களன்று ஒரு பழத்தில் கட்டைவிரல் தடம் ஆழமாக இருந்தது. குழந்தை விரல் அளவுதான். மற்ற பழங்களெல்லாம் பனிக்கட்டி போலிருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. கூட வேலை செய்யும் ஷாலினி சிரித்தாள்.

"ஏட்டி, ஒன் கைதான் பட்டிருக்கும். டென்ஷன் எடுக்காத."

மறுநாள் வேறொரு பெட்டியில் அதே தடம், கொஞ்சம் பெரிதாக. நேற்று சீல் உடையாத பெட்டி ஒன்றைத் திறந்தேன். அதிலும் இருந்தது. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. ஷாலினியைக் கூட்டிவந்து காட்டினேன். தொட்டுப் பார்த்தவள் இந்த முறை சிரிக்கவில்லை.

"இனி நீ தனியா உள்ள போவாத. நானும் வாரேன்," என்றாள். சூப்பர்வைசரிடமும் அவளே பேசிவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை அம்மா.

தம்பி ஆன்றோவிடம் என் பழைய ஸ்வெட்டரைப் பார்சல் அனுப்பச் சொல்லுங்கள். ஷாலினிக்கு வியாழக்கிழமைதோறும் லீவு. அன்றைக்கு மட்டும் காலை பதினொரு மணிக்கு எனக்கு ஃபோன் செய்யுங்கள். உள்ளேயும் சிக்னல் கிடைக்கும். எதுவும் பேச வேண்டாம். அடுப்படியில் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே லைனில் இருந்தால் போதும்.

ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உங்கள் ஜெஸி