நாலாவது பூட்டு

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கலைச்செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் முழங்கால் வலி, பிரஷர் மாத்திரை சகிதம் சுகமாக இருக்கிறோம், அங்கே டப்ளின் குளிரிலும் ஆஸ்பத்திரி டூட்டியிலும் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் நான் பாதி சொல்வதற்குள் அம்மா பிடுங்கி மீதியைச் சொல்லிவிடுவாள், அவள் சொல்லும் கதையில் முட்டாள் எப்போதும் நான்தான். இந்தக் கதையிலும் நான்தான், ஆனால் அதை நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று தெரியும், எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி, அவசரம் ஒன்றும் இல்லை.

நம் சந்துக்குப் பால்வாடி வந்திருக்கிறது. வேல்ராஜ் உனக்கு ஞாபகம் இருக்கும், நான் கட்டிங் மாஸ்டராக இருந்த அதே கார்மெண்ட் பட்டறையில் தைக்கிறான், அவனும் பெண்டாட்டியும் வேலைக்கு வரும்போது மூன்று வயதுப் பிள்ளையையும் கூட்டிவந்து மிஷினுக்கு அடியில் விளையாட விடுவார்கள். போன மாதம் பிள்ளையின் முடி ஓவர்லாக் மிஷின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. நல்ல வேளை, முடியோடு போயிற்று. அன்றைக்கே நம் மகளிர் குழுத் தலைவி சேசம்மாள் ஒரு தொண்டு நிறுவனத்தைப் போய்ப் பிடித்துவிட்டாள். டீச்சர், பாய், பொம்மை எல்லாம் அவர்கள் தருவார்கள், ரூம் மட்டும் நாங்கள் பார்த்துத் தர வேண்டும், மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் டீச்சரைச் சுனாபட்டிக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே இடம் தயாராக இருக்கிறதாம். கூட்டத்தில் அவள் இதைச் சொன்னதும் நான் எழுந்து, நாப்பத்தோரு வருசமா இங்க கெடக்கேன், கண்ணைக் கட்டி விட்டாலும் ரூம் புடிச்சிட்டு வருவேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ரிட்டயர் ஆனவன் வாய் சும்மா இருக்குமா.

முதலில் பார்த்தது லாசர் வீட்டு மாடி. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன், பத்துக்குப் பன்னிரண்டு அடி. மூன்று வயதுக்கு இருபதாம் நம்பர் சட்டை, நாலு வயதுக்கு இருபத்திரண்டு, உட்கார்ந்தால் இவ்வளவு அகலம், காலை நீட்டினால் இவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டு, துணி வீணாகாமல் பீஸ்களை மாற்றி மாற்றி வைத்து மார்க் பண்ணுவது போல, ஒரு பிள்ளையின் தலைமாட்டில் இன்னொன்றின் கால் வருகிற மாதிரி தரை முழுக்கச் சாக்பீஸால் கோடு போட்டேன். நாற்பத்திரண்டு பிள்ளை வந்தது. ஒரு இஞ்ச் கூட விரயம் இல்லை. பெருமையோடு டீச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். சாதனா என்று மராத்திக்காரப் பெண், உன்னைவிடச் சின்னவள். கோடுகளைப் பார்த்துவிட்டு, காகா, கப்டா ஹில்தா நஹி, பச்சா ஹில்தா ஹை என்றாள். சித்தப்பா, துணி அசையாது, பிள்ளை அசையும் என்கிறாள். இத்தனை வருசம் கட்டிங் மாஸ்டராக இருந்து, ஒரு பெண்ணையும் வளர்த்து அனுப்பியவனுக்கு இது தெரியவில்லை. தவிர, அந்த மாடிக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும், அதையும் இறங்கும்போதுதான் கவனித்தேன்.

அடுத்தது பூதத்தான் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்து. மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன், தரைத்தள ரூம், எதிரில் சந்து காலியாக, அகலமாக, காற்றோட்டமாக இருந்தது. முடிந்தது வேலை என்று சேசம்மாளிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குழுவோடு கிளம்பிப் போனால் சந்து முழுக்க நீல டிரம், குடம், ரப்பர் குழாய், கணுக்கால் வரை தண்ணீர், நடுவில் இரண்டு பெண்களின் சண்டை. அந்தச் சந்துக்குத் தண்ணீர் திறக்கிற நேரம் அது. நமக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு வருகிறது, அதனால் பம்பாய்க்கே ஐந்து மணிக்குத்தான் வரும் என்று இருந்துவிட்டேன். சேசம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி, பிள்ளைக படிக்க வருமா நீந்த வருமா என்று கேட்டாள்.

மாதம் முடிய ஆறு நாள்தான் இருந்தது. என் மேல் எனக்கு வந்த கோபத்தை அடுத்தவர் மேல் காட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நம் சந்தில் மூன்று ரூம் வருசக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர்கள் நெருளில் பிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்டேன், ஒருவரும் தரவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசினேன். ஆளில்லாத ரூமப் பூட்டி வச்சு கொசுவா வளக்காங்க, பிள்ளைக மிஷினுக்கு அடியில கெடக்கு, இவனுவளுக்கு மனசு இருக்கா, மூணு பூட்டு தொங்குதே என்று நன்றாகவே பேசினேன். கைதட்டுவார்கள் என்று பார்த்தால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சேசம்மாள்தான் மெதுவாக, மூணு இல்ல அண்ணாச்சி, நாலு என்றாள்.

நாலாவது பூட்டு நம் எதிர் ரூம். நீ வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது ரெண்டு வருசத்தில் வந்துவிடுவேன் என்றாயே, வந்தால் உனக்கென்று கதவு போட்ட ஓர் இடம் வேண்டும் என்று நான் வாங்கிப் போட்டது. ஆறு வருசமாக ஞாயிறு தவறாமல் பெருக்கி, மேஜையைத் துடைத்து, ஃபேனைப் போட்டுப் பார்த்துப் பூட்டுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது காலியாகக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏணி கிடையாது, ஜன்னல் உண்டு, காலையில் வாசலில் டிரம் இருக்காது, கக்கூஸும் பக்கத்திலேயே. ஊரெல்லாம் அலைந்து நான் தேடியது என் வாசலில் நின்றாலே தெரிகிறது, சந்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என் முகத்துக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

மகள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, கேளுங்க, அவ ஒடனே சரின்னுதான் சொல்லுவா, அதுக்குத்தான பயப்படுதிய என்றாள். உண்மைதான் கலை. கொடுத்திருங்கப்பா என்று நீ யோசிக்காமல் சொல்லிவிட்டால், அந்த ரூம் உனக்கு வேண்டாம், நீ திரும்பி வரப்போவதில்லை என்று ஆகிவிடும். அதைக் காதால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் உன்னைக் கேட்காமலே சாவியைச் சேசம்மாள் கையில் கொடுத்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை முதல் நடக்கிறது. பதினெட்டுப் பிள்ளைகள்தான், அதற்கே இடம் போதவில்லை. உன் கட்டிலைக் கழற்றி நம் மாடியில் ஏற்றிவிட்டோம், மேஜை மட்டும் அங்கேயே இருக்கிறது. வேல்ராஜ் மகள் முதல் நாள் அந்த மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றாள், மிஷினுக்கு அடியில் இருந்து பழக்கம். மூன்றாம் நாள் வந்துவிட்டாள். இப்போது அவள் சத்தம்தான் எங்கள் வீடு வரை கேட்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லாதே. முப்பிடாதி அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. ஒன்றே ஒன்று மறக்காதே. பெரிய மனுசி மாதிரி, பரவாயில்லப்பா, நல்ல காரியம்தானே என்று மட்டும் எனக்குப் பதில் சொல்லிவிடாதே. என் ரூமை என்னைக் கேக்காம எப்படிக் கொடுத்தீங்க என்று போன் போட்டுச் சண்டை போடு. எவ்வளவு நேரம் திட்டினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அன்பு அப்பா,
வெயிலுமுத்து