தான்ஷென் வேர்

அன்புள்ள அம்மா,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா தூங்குகிறார். டோங்குவானில் வேலையை விட்டுவிட்டு நீ ஓடிவர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மூளையில் அடைப்பு வந்ததிலிருந்து அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் அல்லவா? மூலிகைக்கடை ஃபெங் அத்தை, "மாத்திரை மட்டும் பத்தாதுடி. தான்ஷென் வேருதான் மூளை ரத்தக்குழாயத் திறந்துவிடும். வகுப்புல முதல் ராங்க், ஒரு கஷாயம் வைக்கத் தெரியாதா?" என்றாள்.

ஒரு நாளுக்கான ஒரு பங்கு வேரை இரண்டு முறை காய்ச்சி, இரண்டையும் கலந்து, காலையும் மாலையும் பாதிப் பாதியாகக் கொடுக்க வேண்டும். எனக்குக் கைப்பந்துப் பயிற்சிக்கு ஓடும் அவசரம். இரண்டு பங்கு வேரை ஒரே முறை காய்ச்சி, ஒரே கிண்ணமாகக் கொடுத்தேன். ஐந்து நாள். "கசக்குது. ஆனா எம் பொண்ணு வச்சதாச்சே" என்று அப்பா முழுவதும் குடித்தார்.

இன்று மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது.

"வீட்டுல வேற ஏதாச்சும் குடுத்தியாம்மா? மறைக்காதே, அதப் பொறுத்துதான் வைத்தியம்" என்றார் டாக்டர்.

"இல்ல" என்றேன்.

பேச முடியாத அப்பா என் கையை அழுத்திப் பிடித்தார். நான் சொன்ன பொய் அவருக்குத் தெரியும். அதைக் காப்பாற்றத்தான் பிடித்தார்.

அவர் தூங்கியதும் நர்ஸிடம் சொல்லிவிட்டேன். "எவ்ளோ வேரு? எத்தன நாளு?" என்று மட்டும் கேட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அந்த வேர் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தம் உறையவே உறையாதாம்; மருந்தை மாற்றிவிட்டார்கள்.

விழித்ததும் அப்பா என் முகத்தைத்தான் தேடுவார். அவர் என்னைத் திட்டமாட்டார் அம்மா. அதை நினைத்துத்தான் கூசுகிறது.

உன் மகள்