வஹாப் பாய் வயலுக்குப் போகாத தண்ணீர்

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கை சுடர்விழி மூவரும் சுகம், குவைத் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். என் மானம் மட்டும்தான் கொஞ்சம் சுகமில்லை. சுடர் டிரோன் வாங்கியது உனக்குத் தெரியும், கிரகப்பிரவேசம், மனை விற்பனை எதுவானாலும் மேலிருந்து படம் எடுத்துத் தருவதாக நம் நகர் வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் போட்டாள், மாதிரிக்கு நம் வீட்டையே எடுத்தாள். அந்த நேரம் பார்த்து நான் மாடியில் குளித்த துண்டோடு நின்றேன். தலைக்கு மேல் அது உறுமவும், கொட்டுகிற கதண்டு வண்டுக் கூட்டம் என்று துணிக்கொடிக் கம்பை ஓங்கினேன். அந்தக் கோலத்தில் குழுவிலுள்ள இருநூறு வீட்டுக்கும் படமாகப் போய்விட்டேன். மறுநாள் டீக்கடையில் அப்துல் வஹாப் பாய், என்ன தங்கையன், ஆகாசத்தோடயே சண்டைக்குப் போயிட்டீங்களாமே என்கிறார். உன் அம்மாவோ, நல்ல துண்டாகக் கட்டியிருக்கக் கூடாதா என்கிறாள்.

தொழில் ஓடுகிறது, எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. குடியிருக்கிற வீட்டை மேலிருந்து பார்க்க எதற்கு இத்தனை ஆசை, தண்ணீர்த் தொட்டிதானே தெரிகிறது. எதிர்வீட்டு நீலாம்பாள், பறக்க விடுறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க, மாடியில துணி காயுது என்றதிலிருந்து, வீடு வீடாக மணி அடித்துச் சொல்லிவிட்டு வருவது என் உத்தியோகம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் சுடர் காதில் விழும், அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நகருக்குக் கீழே வஹாப் பாய்க்கு ஆறு மா நிலம் இருக்கிறதல்லவா, சம்பா நட்டு இருபது நாள் ஆகிறது, பெரிய வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது, அவர் வயல் வெடித்துக் கிடக்கிறது. எங்கோ அடைப்பு. நானும் அவரும் மண்வெட்டியோடு இரண்டு நாள் அலைந்தோம், எந்த வீட்டுக்காரன் அடைத்தானோ என்று நான்தான் அதிகமாகத் திட்டினேன். கடைசியில் அவர் சுடரிடம் போய், மேலேர்ந்து பாத்துச் சொல்லும்மா என்றார்.

படம் வந்தது. கோரைப்புல் பச்சைக் கோடாக வந்து நம் கிழக்கு மதிலில் முட்டி நிற்கிறது, மேற்கு மதிலுக்கு அப்பால் மறுபடி தொடங்கி அவர் வயலுக்குப் போகிறது, நடுவில் உன் கார் நிற்கப் போட்ட சிமென்ட் தளம். மனை வாங்கும்போது மண்ணடித்து மேடாக்கியிருந்தார்கள், கோடை வேறு, வாய்க்கால் தடமே தெரியவில்லை. ஆனால் குத்தகைக்கு உழுத காலத்தில் முப்பது வருஷம் அதே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவன் நான், வீட்டுக்குக் கயிறு பிடித்து மூலை காட்டியவனும் நான்தான். சுடருக்கு ஒன்றும் தெரியவில்லை, அண்ணன் வீடு எவ்வளவு அழகா விழுந்திருக்கு பாருங்கப்பா என்கிறாள். பாய் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்குப் பிடிபடல, உங்களுக்குத் தெரியுதாங்க என்று நீட்டினார். கண்ணாடி கொண்டு வரவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிங்க, நாளைக்கே சொல்லுங்க என்று போய்விட்டார்.

தளத்தை உடைத்து ஒரு குழாய் புதைத்தால் தண்ணீர் போய்விடும், ஒரு நாள் வேலை. நீ பார்த்துப் பார்த்துப் போட்ட தளம். உன்னிடம் அனுமதி கேட்கிறேனா, உடைக்கப் போகிறேன் என்று சொல்கிறேனா, எனக்கே குழப்பமாக இருக்கிறது. இன்னும் நாலு நாள் போனால் பயிர் தாங்காது, பார்த்தவுடன் ஒரு வரி போடு.

வேளைக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமையாவது தூங்கு. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடிந்து, நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அப்பா,
தங்கையன்

பி.கு.: பாய் போனை நீட்டியபோது, அடைச்சது நான்தான் பாய் என்று மூன்றே வார்த்தை, நாக்கு நுனி வரைதான் வந்தது.