ஏன் ஒன்று போடவில்லை?

பிப்ரவரி 18, செவ்வாய்

முதுகு வழக்கம்போல. அடுத்த மாதம் ஓசூரில் மகள் பூஜாவுக்குப் பிரசவம். என் மனைவி உண்ணாமலை மூன்று மாதம் அங்கே இருக்க வேண்டுமாம். "இந்த முதுக வெச்சிக்கிட்டு உங்கள எப்படிங்க தனியா விட்டுட்டுப் போறது?" என்கிறாள். அதைத்தான் நானும் கேட்கிறேன். ஆறு வருடமாக ஒத்தடம் அவள் கை, தைலம் அவள் கை. புலம்பல் மட்டும்தான் என் சொந்த உழைப்பு.

பிப்ரவரி 20, வியாழன்

வலி வைத்தியத்துக்கு இழுத்துப் போனாள். பிசியோதெரபி பெண் அருணாதேவி ஒரு தாளை நீட்டியது. வலியை நானே சமாளிக்கத் தயாரா என்று பார்க்கிறார்களாம்.

'வலி கூடினால் என்ன செய்வீர்கள்?' உண்ணாமலையைக் கூப்பிடுவேன்.

'வீட்டில் உதவிக்கு யாரும் இல்லையென்றால்?' சத்தமாகக் கூப்பிடுவேன்.

கடைசியில், எவ்வளவு நம்பிக்கை என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். ஃபெயிலானால் இவள் போகமாட்டாள் அல்லவா? இரண்டு போட்டேன்.

"ஏன் சார் ரெண்டு? ஒண்ணு போட்டிருக்கலாமே?" என்று கேட்டது அந்தப் பெண்.

முப்பது வருடம் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். நான் ஒன்று வாங்குவேனா? "சுடுதண்ணி வெக்கத் தெரியும்மா. ஒத்தடம் நானே குடுத்துப்பேன். ஜாஸ்தி நேரம் ஒரே இடத்துல உக்கார மாட்டேன்..." ரோஷத்தில் அடுக்கிக்கொண்டே போனேன்.

"இப்ப எவ்ளோ சார்?"

"அஞ்சு" என்றுவிட்டேன். பக்கத்தில் உண்ணாமலை. தவளை தன் வாயால் கெடும்.

பிப்ரவரி 21

பெட்டி அடுக்குகிறாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

போய்விட்டாள். பஸ் நகரும்போதும் ஜன்னல் வழியாக, "தைலம் ரெண்டாவது தட்டுல இருக்குதுங்க" என்றாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. முதுகைவிட இதுதான் தாங்கவில்லை.

மார்ச் 7

வலி தாங்க முடியவில்லை. தாளில் எழுதிக் கொடுத்த மாதிரியே சத்தமாக "உண்ணாமல" என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு சக்கரபாணி ஓடி வந்தார். மானம் போச்சு. அவரை அனுப்பிவிட்டு நானே ஒத்தடம் கொடுத்துக்கொண்டேன். கொஞ்சம் கம்மியானது.

மார்ச் 13

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. வேங்கிக்கால் வீட்டிலிருந்து அருணாதேவியைப் பார்க்க நடந்தே போனேன். வலி வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறது. டீக்கடைக்கு டீக்கடை உட்கார்ந்தேன். நாலு டீ. முதுகு தேவலை, வயிறுதான் எரிகிறது.

மார்ச் 24

பேத்தி பிறந்திருக்கிறாள். இரண்டு பேரும் நலம்.

"நான் இல்லாம முதுகு எப்படிங்க இருக்குது?" என்று உண்ணாமலை போனில் கேட்டாள்.

"வலிக்குது. நானே பாத்துக்கிறேன்."

"அப்ப சரி" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"ஆமா, அந்தத் தைலத்த எங்க வெச்ச?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது தட்டுன்னு எத்தினி வாட்டிங்க சொல்றது" என்று ஆரம்பித்தவள், கால்மணி நேரம் திட்டித் தீர்த்தாள். குரல் பழையபடி ஆகிவிட்டது.

தைலம் என் கையில்தான் இருந்தது.