கவுதாரி வேட்டைக்கு ஒரு சோடி சப்பாத்து

என்ர மகளுக்கு,

சப்பாத்துப் பெட்டியை உன்ர வாசலில வைச்சிட்டு வந்திட்டன். மணி அடிக்கத் துணிவு வரேல்லை.

கணுக்காலுக்கு மேல வாற சப்பாத்துத்தான். குளிக்கிற தொட்டியில தண்ணி விட்டு, ஒரு பகல் முழுக்க அதுக்குள்ள நிக்க வைச்சுப் பார்த்தனான். உள்ளுக்க ஒரு சொட்டும் போகேல்லை. அம்மா என்னை விசரன் எண்டுறா.

தடிச்ச கம்பளிச் சொக்ஸோட போட்டுப் பார். படி இறங்கேக்க பெருவிரல் முட்டினால் மாத்தலாம், பில் பெட்டிக்குள்ள கிடக்கு. ஒரு கிழமை வீட்டுக்குள்ளயே போட்டு நட. சப்பாத்தை வாசலில கழட்டுற எங்கட பழக்கத்தை இந்த ஒருக்கா விடு. காட்டில ஈரம் உள்ளுக்க போனால் உடன கழட்டு. பேந்து பாப்பம் எண்டு நாள்கணக்கா நடந்தால் விரல் அழுகிப்போகும்.

அண்டைக்கு நீ துவக்கோட நிக்கிற படத்தைக் காட்டினாய். "சுடாத நேரம் விசையில விரல் வைக்காத" எண்டன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும், அப்பா?" எண்டு கேட்டாய். நான் கத்திப்போட்டு எழும்பிப் போனன். நீ கேட்டதில ஒரு பிழையும் இல்லை.

சின்னனில என்ர இடக்காலைப் பார்த்து, ரெண்டு விரல் எங்கயெண்டு கேட்டனி. மொன்றியல் பனி எடுத்திட்டுது எண்டு சொன்னனான்.

நான் மொன்றியலுக்கு டோர்வல் விமான நிலையத்தில வந்து இறங்கேக்கையே அந்த விரலுகள் இல்லை, பிள்ளை.

அப்பா