நூற்று நான்கு லட்டு

அச்சரப்பாக்கம்

அன்பு மகன் கலையரசனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம்தான், அந்தச் சுகத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது, அதையும் அடைத்துவிட்டோம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மஸ்கட்டில் உன் உடம்பும் வேலையும் நல்லபடி இருக்க வேண்டும். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால் அங்கே திரும்பும் உன் சிநேகிதன் ஹரிகிருஷ்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை திருவிடந்தையில் வைஷாலி வீட்டில், நீ இல்லாமலே உன் நிச்சயம் முடிந்ததைப் படத்தில் பார்த்திருப்பாய். நம் தட்டு வரிசையை எல்லோரும் மெச்சினார்கள், ஆனால் அது பட்ட பாடு உனக்குத் தெரியாது. வாங்கிவிட்டு அப்புறம் யோசிப்பதுதானே என் வழக்கம். சாத்துக்குடி நூற்று நாற்பத்தேழு, லட்டு ஒரு பெட்டி நிறைய. அம்மாவோ தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மிச்சமும் விழக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பத்தாவதை இரண்டாம் தடவையில் தாண்டினவன் நான், ஆனாலும் இதற்கு மீப்பெரு பொது வகுத்தி பார்க்க வேண்டும் என்று எப்படியோ நினைவு வந்தது. பெரியதைச் சின்னதால் வகு, வந்த மீதியால் அந்தச் சின்னதை வகு, மீதி தீரும்வரை விடாதே, கடைசியில் எதனால் வகுத்தாயோ அதுதான் விடை. நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் லட்டை எண்ணினேன், நூற்று நான்கு. 147ஐ 104ஆல் வகுத்தால் மீதி 43, 104ஐ 43ஆல் வகுத்தால் 18, பிறகு 7, 4, 3, கடைசியில் ஒன்றில் வந்து நின்றது. மொத்தத்தையும் ஒரே தட்டில் கொட்டி எடுத்துப் போ என்கிறது கணக்கு. என் படிப்பின் லட்சணம் என்று மறுபடி போட்டேன், மறுபடியும் ஒன்று. அப்போதுதான் கடையில் நூற்றைந்து சொல்லி வாங்கியது ஞாபகம் வந்தது. 105ஐ வைத்துப் போட்டால் மீதி 42, அடுத்தது 21, அதோடு தீர்ந்தது. இருபத்தொரு தட்டு, தட்டுக்கு ஏழு சாத்துக்குடி, ஐந்து லட்டு. கடைக்காரன் ஒன்றை அமுக்கிவிட்டான் என்று சண்டைக்குப் போனை எடுத்தேன், அம்மா கையைப் பிடித்துவிட்டாள். "அவன இன்னாத்துக்கு திட்டப் போறீங்க, நாந்தான் ஒண்ணு துன்னேன்" என்றாள்.

சர்க்கரைக்காரி லட்டு தின்னலாமா என்று நான் குதிக்க, அவள் மெதுவாகச் சொன்னாள். காலையில் மாத்திரை போட்டுவிட்டு வேலை மும்முரத்தில் நாஸ்தா சாப்பிடவில்லையாம், உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்ததாம், கைக்கு எட்டியது லட்டுப் பெட்டிதானாம். "இதுக்கு முன்னாடியும் ரெண்டு தபா இப்டி ஆச்சு, சொன்னா நிச்சயத்துக்கு இட்டுனு போவ மாட்டீங்கன்னு சொல்லல" என்றாள். மறுநாளே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை ஏறுவதைவிட இப்படித் திடீரென்று இறங்குவதுதான் உடனே ஆளைச் சாய்க்கும் என்று டாக்டரம்மா சொல்லி, மாத்திரையைப் பாதியாக்கி, பையில் எப்போதும் ஏதாவது இனிப்பு இருக்க வேண்டும் என்றார். குறைந்த ஒரு லட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் சும்மா கணக்குப் போட்டதில், அவள் ஏழு லட்டு தின்றிருந்தால் நாற்பத்தொன்பது தட்டு சரியாக வந்திருக்கும், எனக்குச் சந்தேகமே எழுந்திருக்காது என்று தெரிந்தது. சொன்னேன். "இன்னும் ஆறு துன்னுருக்கணும், வுட்டுட்டேன்" என்றாள். சிரித்தேன், ஆனால் வீடு வரும்வரை அவள் கையை விடவில்லை.

நீயும் வைஷாலியும் குறைவில்லாமல் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். அம்மாவைத் திட்டாதே, நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. தினமும் போனில் மாத்திரை போட்டியாம்மா என்று கேட்கிறாய், நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவளும் போட்டேன் என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இனிமேல் முதலில் சாப்பிட்டியாம்மா என்று கேள்.

உன் அப்பா,
எல்லப்பன்